ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, மனசுதான் அடங்கவில்லை: லூபஸ் உள்ளவர்கள் தினசரி எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நிழல்தேடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 29. போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் எஸ்எல்ஈ, அதாவது லூபஸ் (எதிர்ப்பு மண்டலம் நம் உடம்பையே தாக்கும் நோய்) என்று உறுதியானது. விரல் கணுக்கள் வீங்கி, காய்ச்சல் விட்டு விட்டு வந்தபோது சிக்குன்குனியா என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகு வாய்ப்புண், முடி கொட்டல், கன்னத்தில் சிவப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. இப்போது ஹைட்ராக்சிகுளோரோகுயின் (மலேரியா மாத்திரைதான்) 300, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராம் போய்க்கொண்டிருக்கிறது.

போன வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "நல்லாப் போயிட்டிருக்கு" என்றார். சிறுநீரில் புரதம் இல்லை. நோய் வேகமாக இருந்தால் குறையும் சி3, சி4 என்ற ரத்தப் புரதங்கள் இரண்டும் சரியான அளவுக்கு வந்துவிட்டன. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அது ஒட்டவே இல்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியில் கன்னத்தைப் பார்க்கிறேன், விரல்களை மடக்கிப் பார்க்கிறேன், கணுக்காலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கிறேன். ஆபீஸில் பாத்ரூம் போகும்போதெல்லாம் மறுபடி கண்ணாடி. ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் போனும் கையுமாக விடியும் வரை படிக்கிறேன்.

"டென்ஷன் ஆகாதே, டென்ஷன் ஆனா நோய் ஜாஸ்தியாகும்" என்கிறார் மாமியார். அதைக் கேட்டபிறகு, டென்ஷன் ஆகிவிட்டேனே என்று தனியாக ஒரு டென்ஷன்.

தயவுசெய்து "தைரியமா இருங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்_நண்பன் எழுதியது:

தைரியமாக இருங்கள் சகோதரி. எல்லாம் நன்மைக்கே 🙏

சர்வேயர் எழுதியது:

நண்பரே, கடைசி வரியைப் படிக்கவில்லையா? 😄

கும்பகோணம்_டீச்சர் எழுதியது:

வாம்மா நிழல்தேடி. எனக்கு இது வந்து இருபது வருடத்தை நெருங்குகிறது. சிறுநீரகத்துக்கும் ஒரு தடவை பரவி, பயாப்ஸி எடுத்து, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு ஏற்றி, அப்புறம் அதே வேலையைச் செய்யும் மைகோபினோலேட் மாத்திரையில் ரொம்ப நாள் இருந்து, இப்போது கொஞ்ச மாத்திரையில் வண்டி ஓடுகிறது. லேசாக வந்து போனவள் சொல்லும் அறிவுரை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கன்னம், விரல், கணுக்கால், கூகுள். இவ்வளவையும் தினமும் பார்க்கிறாயே, ஒன்றாவது உனக்கு விடை தருகிறதா? கன்னச் சிவப்பு நோயாலும் வரும், அடுப்பு வேக்காட்டாலும் வரும், ஸ்டீராய்டாலும் வரும். கண்ணாடி அதைப் பிரித்துச் சொல்லாது. பயத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கொடுத்து அனுப்பும்.

நான் பார்க்க வேண்டியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலைக்குத் தள்ளிவிட்டேன். எழுந்ததும் முதல் சிறுநீரில் புரதம் உண்டா என்று காட்டும் டிப்ஸ்டிக் பட்டை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு பிபி. எடை. பாதத்தில் வீக்கம் உண்டா. இந்த வாரம் மூட்டு எப்படி, வாய்ப்புண் உண்டா. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதி மூடிவிடுவேன். அடுத்த ஞாயிறு வரை உடம்பைத் துருவக் கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம். நடுவில் மனசு குடைந்தால் "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்று அதனிடம் சொல்வேன். ஆரம்பத்தில் கேட்காது. சில மாதத்தில் கேட்க ஆரம்பித்தது. நடுவில் பார்த்தே தீர வேண்டிய அவசரங்கள் சில உண்டு, அவற்றை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பட்டியலில் இல்லாதது எதுவானாலும் ஞாயிறு வரை காத்திருக்கும்.

இன்னொன்று, சோர்வு. இது தூங்கினால் போகிற சோர்வு இல்லை என்று உனக்கே தெரிந்திருக்கும். எங்கள் தெருவில் காலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். பிடித்து வைத்த குடங்களை வைத்துத்தான் நாள் ஓட வேண்டும். என் தெம்பும் அந்தக் கணக்குத்தான். காலையில் துணி துவைத்து ஒரு குடத்தைக் கவிழ்த்தால் சாயங்காலம் விடைத்தாள் திருத்த மிச்சம் இருக்காது. அதனால் முதல் குடம் எனக்குப் பிடித்த வேலைக்கு, மிச்சம் வீட்டுக்கு. வீட்டில் முணுமுணுத்தார்கள். பழகிவிட்டது.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் ருமட்டாலஜி (மூட்டு, எதிர்ப்பு மண்டல நோய்கள்) வார்டில் செவிலியராக இருக்கிறேன். டீச்சர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டை எங்கள் நோயாளிகளுக்கும் சொல்லலாம் போலிருக்கிறது.

நிழல்தேடி, பிரெட்னிசோலோனை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் 2 மணிக்கு முழிப்பு வருவதில் ஆச்சரியமே இல்லை. நம் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசோலை விடியற்காலையில்தான் அதிகம் சுரக்கும், அதை ஒட்டி இந்த மாத்திரையையும் காலை உணவுக்குப் பின் போடச் சொல்வோம். ஸ்டீராய்டுக்கு மனசைத் தொடும் குணம் உண்டு: படபடப்பு, காரணமில்லாத அழுகை, சள்ளென்று கோபம், தூக்கமின்மை. அளவு கூடக் கூட இதுவும் கூடும். 40 மில்லிகிராமுக்கு மேல் போகிறவர்களிடம் நிறையப் பார்ப்போம், 10-லும் சிலருக்கு இருக்கும். தன் மனசு பலவீனமானது என்று நினைத்து அழுகிற பெண்களிடம் "இதில் பாதி மாத்திரையோட வேலைம்மா" என்று சொன்னால் முகமே மாறும். அதற்காக நீங்களே குறைத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது கார்ட்டிசோலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென்று மாத்திரையை விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்தான் படிப்படியாக இறக்குவார். முடிந்தவரை 5 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டும், இன்னும் முடிந்தால் நிறுத்த வேண்டும் என்பதுதான் இப்போதைய வழக்கம்.

லூபஸைக் கண்டறிய எடுக்கும் ஏஎன்ஏ ரத்த டெஸ்ட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஒரு தடவை பாசிட்டிவ் என்று தெரிந்தால் போதும். அதன் அளவு ஏறுவதும் இறங்குவதும் நோய் ஏறி இறங்குவதைக் காட்டாது. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே சிலருக்குப் பாசிட்டிவ் வரும். டிஎஸ்டிஎன்ஏ ஆன்டிபாடி (உடம்பையே தாக்கும் எதிர்ப்புப் புரதம்), சி3, சி4, ரத்த அணுக்கள், சிறுநீர்ப் புரதம், இவைதான் நோயைப் பின்தொடர உதவுபவை. இதில் சிறுநீர் முக்கியம், ஏனென்றால் சிறுநீரகம் கெடும்போது வலிக்காது.

ஃபிரிட்ஜ் கதவில் என்ன எழுதலாம் என்று கேட்பீர்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் (ஸ்டீராய்டு, மைகோபினோலேட் போடுகிறவர்களுக்குத் தொற்று சீக்கிரம் பரவும்). நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். சிறுநீர் நுரைத்துக்கொண்டே போவது, முகமும் காலும் வீங்குவது. இதுவரை வராத மாதிரித் தலைவலி, வலிப்பு, குழப்பம், இல்லாத ஆட்கள் தெரிவது. லூபஸ் அரிதாக மூளையையும் தொடும், அதை "டென்ஷன்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது.

மாமியார் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மன அழுத்தத்துக்கும் ஃபிளேருக்கும் (அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்புவது) தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் நாங்கள் வார்டில் பார்க்கும் ஃபிளேர்களில் மாத்திரையை விட்டது, வெயில், தொற்று, இந்த மூன்றும்தான் முன்னால் நிற்கும். கவலைப்பட்டதால் உங்களுக்கு நோய் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சர்வேயர் எழுதியது:

பெண்களுக்கு மட்டும்தான் இது வரும் என்று நினைத்து எனக்குக் கண்டுபிடிக்கவே தாமதமாகிவிட்டது. பத்துப் பேரில் ஒருவர் ஆண் என்கிறார்கள், அந்த ஒருவர் நான்தான். காத்திருக்கும் ஹாலில் "யாருக்கு சார் கூட வந்திருக்கீங்க?" என்று கேட்காதவர்கள் இல்லை.

நான் நில அளவையாளர். வெயிலே என் ஆபீஸ். வேலையை விடச் சொல்லி வீட்டில் ஒரே அழுகை. விடவில்லை. களப்பணியைக் காலை 6-லிருந்து 9.30-க்குள் முடித்துக்கொண்டு, மிச்ச நேரம் உள்ளே உட்கார்ந்து வரைபட வேலை. எங்கள் டோட்டல் ஸ்டேஷன் கருவிக்கு வெயில் படாமல் ஒரு பெரிய குடை பிடிப்பார்கள். பல லட்சம் ரூபாய்க் கருவி, சூடேறினால் அளவு பிசகும். ஒருநாள் உதவியாளரிடம் "தம்பி, அதை இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி, நானும் அதே மாதிரி கருவிதான்" என்றேன். அன்றைக்கிலிருந்து குடை எங்கள் இருவருக்கும் பொது.

வெயில் பற்றி யாரும் எனக்குச் சொல்லாத சில விஷயங்கள். மேகமூட்டமான நாளிலும் புற ஊதாக் கதிர் வரும். அதில் யூவிஏ, யூவிபி என்று இரண்டு வகை: கார் ஜன்னல் கண்ணாடி யூவிபியைத்தான் நன்றாகத் தடுக்கும், யூவிஏ ஓரளவு உள்ளே வந்துவிடும். ஜன்னலோர சீட்டில் திருச்சிக்குப் போய்விட்டு வந்தால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் எரியும். சைட்டில் வெல்டிங் நடந்தால் தள்ளிப் போய்விடுங்கள், அதிலிருந்தும் புற ஊதாக் கதிர்தான் வருகிறது. எஸ்பிஎஃப் 50 கிரீமைத் தாராளமாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்கிறார்கள். அந்தக் கணக்கில் பூசினால் ஒரு ட்யூப் எத்தனை நாள் வரும் என்று பார்த்து, நான் முழுக்கைச் சட்டைக்கும் கழுத்தை மூடும் துண்டுக்கும் மாறிவிட்டேன். கிரீம் முகத்துக்கும் புறங்கைக்கும் மட்டும்.

மனசு எப்படி அடங்கியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை திரும்பக் கிடைத்ததும் அடங்கிவிட்டது.

எதிர்க்கேள்வி எழுதியது:

எல்லோரும் நல்ல விஷயம் எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறிப் பேசுகிறேன், கோபிக்காதீர்கள்.

நம்பிக்கை என்ற பேச்சே எனக்கு ஒத்துவரவில்லை. முதல் சில வருடம் "சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையிலேயே ஓடினேன். கோயில், விரதம், டயட், தியான வகுப்பு. ஒவ்வொரு ஃபிளேர் வந்தபோதும் நான் எங்கேயோ தப்புச் செய்துவிட்டதாகத் தோன்றியது. இது போகாது, கூடவே இருக்கும் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் தூக்கம் வந்தது. அமைதி வேண்டும் என்றால் நம்பிக்கையைக் கீழே வையுங்கள் என்பேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறோம், இரண்டும் சேராது.

கும்பகோணம்_டீச்சர் எழுதியது:

நீ சொல்வதில் பாதிக்கு நான் கைதூக்குகிறேன். "குணமாகிவிடும்" என்ற நம்பிக்கை என்னையும் படுத்தியது. ஆனால் நம்பிக்கை என்றால் அது ஒன்றுதானா?

1955-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. தங்களுக்கு லூபஸ் என்று தெரிந்து நான்கு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பாதிப் பேர்தான். இன்றைக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிற இடங்களில் ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். இடையில் ஸ்டீராய்டு பரவலானது, மலேரியா மாத்திரையை லூபஸுக்கும் கொடுப்பது வழக்கமானது, டயாலிசிஸ் வந்தது. நான் என் பாட்டி காலத்தில் பிறந்திருந்தால் இந்த இழையில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இதை நினைத்துப் பார்ப்பதற்கு விரதமும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். என் நம்பிக்கை இவ்வளவுதான்: அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக்கு நான்தான் கணக்கு எடுப்பேன். அது நடந்தால் அதற்கடுத்த வருடத்தைப் பற்றி நினைப்பேன்.

பயோடெக்_மாணவி எழுதியது:

டீச்சர் பழைய கதை சொன்னார், நான் புதுக் கதை சொல்கிறேன். ஐம்பது வருடத்துக்கும் மேல் லூபஸுக்கென்று ஒரு புது மருந்தும் அங்கீகாரம் பெறாமல் இருந்து, 2011-ல் பெலிமுமாப் வந்தது. 2021-ல் வோக்ளோஸ்போரின், அனிஃப்ரோலுமாப் இரண்டும் வந்தன. அதைவிடப் பெரிய செய்தி ஜெர்மனியின் எர்லாங்கனிலிருந்து. ரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் கார்-டி செல் சிகிச்சையை அங்கே லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த டி செல்களை நோயாளியிடமிருந்தே வெளியே எடுத்து, ஆன்டிபாடியை உண்டாக்கும் பி செல்களைத் தேடி அழிக்கும்படி மாற்றி, திரும்ப ஏற்றுவது. வேறு மருந்து எதற்கும் அடங்காத ஐந்து பேரைப் பற்றி 2022-ல் எழுதினார்கள். ஐந்து பேருக்கும் நோய் அடங்கி, மருந்தே இல்லாமல் இருந்தார்கள். படித்த அன்று ஹாஸ்டலில் கத்திவிட்டேன்!

எதிர்க்கேள்வி எழுதியது:

ஐந்து பேர். இன்னும் ஆய்வு நிலை. அது நம்மூர் காப்பீட்டு அட்டைக்குள் வரும் நாளை நான் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டுமா தங்கச்சி? இதைத்தான் சொல்கிறேன். நீ படிக்கிற பிள்ளை, உனக்கு அது பாடம். எனக்கு அது இன்னொரு காத்திருப்பு.

பயோடெக்_மாணவி எழுதியது:

எனக்கும் லூபஸ்தான் அக்கா. நான் காத்திருக்கவில்லை. யாரோ ஒருவர் இதில் வேலை செய்துகொண்டே இருக்கிறார் என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

எதிர்க்கேள்வி எழுதியது:

சரி. அதற்கு என்னிடம் எதிர்க்கேள்வி இல்லை.

ஸ்காபரோ_அக்கா எழுதியது:

கனடாவிலிருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே வெயிலே இல்லையே, உங்களுக்கு என்ன கவலை என்று கேட்கிறவர்கள் உண்டு. பனி விழுந்து கிடக்கிற நாளில் அதிலிருந்து தெறிக்கிற கதிர் முகத்தைச் சுட்டுவிடும். குளிர் வந்தால் விரல் நுனியெல்லாம் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கும். ரேனாட் என்று சொல்லுவினம். இரண்டு சோடிக் கையுறை போடாமல் நான் குப்பை வாளியைக்கூட வெளியில் வைக்கப் போவதில்லை.

குளிசையைப் பற்றி ஒன்று. நல்ல சுகமாக இருக்கும்போதுதான் "இனி எதற்கு இது" என்ற எண்ணம் வரும். 1991-ல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், நோய் அமைதியாக இருந்த 47 பேரை எடுத்து, கொஞ்சப் பேருக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தொடர்ந்து கொடுத்து, மற்றவர்களுக்கு அதே மாதிரி வெறும் குளிசை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில், வெறும் குளிசை எடுத்தவர்களுக்கு ஃபிளேர் வந்தது இரண்டரை மடங்கு. எங்கட டாக்டர் இதை ஒரு தாளில் கீறிக் காட்டினவர். அன்றையிலிருந்து இரவுச் சாப்பாட்டோடு அதை விழுங்குவது எனக்குப் பல் தீட்டுவது போல் ஆகிவிட்டது. அதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

தங்கச்சி, இன்னொரு விசயமும் சொல்ல வேண்டும். உங்கட மனிசனிடம் இதெல்லாம் கதைக்கிறீங்களா? உங்கட பதிவில் மாமியார் வருகிறார், டாக்டர் வருகிறார், அவர் வரவில்லை.

மூலிகை_வழி எழுதியது:

அலோபதி மாத்திரை வாழ்நாள் அடிமைத்தனம். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் இந்த நோய். சீந்தில், அமுக்கரா, நிலவேம்பு சாப்பிட்டு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் மூன்றே மாதத்தில் மாத்திரையை நிறுத்தலாம். தனிச்செய்தி அனுப்பவும்.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

லூபஸ் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருவதில்லை. எதிர்ப்பு மண்டலம் ஆள் தெரியாமல் நம் உடம்பையே தாக்குவதுதான் நோய். ஏற்கெனவே தப்பாகத் தாக்கிக்கொண்டிருப்பதை இன்னும் தூண்டிவிடுவதில் என்ன நியாயம்? சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சண்டை எப்படியோ போகட்டும், லூபஸ் உள்ளவர்கள் எந்த மூலிகையானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். "மூன்று மாதத்தில் நிறுத்தலாம்" என்று நம்பி ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டு, ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களை நான் தூக்கி இறக்கியிருக்கிறேன்.

நெறியாளர் எழுதியது:

மருந்தை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கும், தனிச்செய்தியில் விற்பனைக்கும் இங்கே இடமில்லை. அந்தப் பயனரின் அடுத்த பதிவுகள் நீக்கப்பட்டுவிட்டன. இழை தொடரட்டும்.

பதினொன்று_அம்மா எழுதியது:

இந்தச் சண்டையில் நான் கேட்க வந்ததை மறந்துவிடுவேன் போலிருக்கிறது. என் மகள் பதினொன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அவள் அமைதியாகத்தான் இருக்கிறாள், நான்தான் இல்லை. ஸ்டீராய்டில் முகம் உப்பிவிட்டது, வகுப்பில் ஒரு பையன் பட்டப்பெயர் வைத்துவிட்டான். பிரேயருக்கு மைதானத்தில் நிற்க வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து வாங்கினோம். "அவளுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்" என்று கேட்கிறார்கள். பாட்டுக்காரி செலீனா கோமஸுக்கும் இதே நோய், 2017-ல் தோழி ஒருத்தி கொடுத்த கிட்னியை வைத்துக்கொண்டார் என்று அவளே தேடிக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். அதைக் கேட்டு அவளுக்குத் தெம்பு, எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

சொந்தக்காரர்கள் இப்போதே கல்யாணம், குழந்தை என்று ஆரம்பித்துவிட்டார்கள். யாராவது நேராகச் சொல்லுங்கள், நடக்குமா நடக்காதா?

வார்டு_சிஸ்டர் எழுதியது:

நடக்கும் அம்மா. எங்கள் வார்டிலிருந்து போய்க் குழந்தையோடு திரும்பி வந்து காட்டியவர்கள் நிறைய. ஆனால் திட்டமிட்டு நடக்க வேண்டும். நோய் அடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மைகோபினோலேட் கருவைப் பாதிக்கும், அதனால் முன்கூட்டியே அசதயோபிரின் என்ற மருந்துக்கு மாற்றுவார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பக் காலத்திலும் தொடரச் சொல்வார்கள். தாயின் ரத்தத்தில் ரோ என்ற ஆன்டிபாடி இருந்தால் வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிப்பார்கள். ரத்தத்தை உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி இருந்தால் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும். இதெல்லாம் பத்து வருடம் கழித்து வரப்போகிற பேச்சு, இப்போது அவளுக்குப் பரீட்சைதான். முக உப்பல் அளவு குறையக் குறைய வடிந்துவிடும், அதை அவளிடம் உறுதியாகச் சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் முகத்துக்காகவே மாத்திரையை ஒளித்து வைப்பார்கள், அதை மட்டும் கவனியுங்கள்.

நீங்களும் ஒருவரிடம் பேசுங்கள். டெலி மானஸ், எண் 14416, அரசு நடத்தும் இலவச மனநல உதவி, தமிழிலேயே பேசலாம். நோயாளிக்கு மட்டும் என்றில்லை, கூட இருப்பவர்களுக்கும்தான்.

கும்பகோணம்_டீச்சர் எழுதியது:

பட்டப்பெயர் வைத்த பையனை என் வகுப்புக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் நிஜமாக நடுங்கியது எப்போது என்று சொல்கிறேன். சிறுநீரகத்துக்கு வந்தபோதுகூட இல்லை. 2020 மார்ச்சில். கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் நல்லது என்று உலகமே பேச, கடைகளில் மாத்திரை காணாமல் போய்விட்டது. ஊரடங்கு வேறு. ஏற்றுமதியைத் தடை செய்தார்கள், சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்றார்கள். சீட்டு வைத்திருந்த எனக்கும் கிடைக்கவில்லை. நோயைப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு, மாத்திரை இல்லாத அலமாரியைப் பார்த்துப் பழக்கமில்லை. கடைசியில் தஞ்சாவூரிலிருந்து ஒரு பழைய மாணவன், மருந்து மொத்த வியாபாரத்தில் இருக்கிறவன், பால் வண்டியில் கொடுத்து அனுப்பினான். அன்றையிலிருந்து ஒரு மாத மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கும். இது பயத்தில் செய்வதுதான், ஆனால் ஒருதரம் செய்துவிட்டு மறந்துவிடலாம். தினமும் கண்ணாடி பார்க்கிற பயத்தைவிட எனக்கு இது எவ்வளவோ தேவலை.

சர்வேயர் எழுதியது:

கண் பரிசோதனை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினால் கண் போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, ஒரு வாரம் தூங்கவில்லை.

வார்டு_சிஸ்டர் எழுதியது:

உடல் எடைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால், முதல் ஐந்து வருடத்தில் விழித்திரை பாதிக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ். இருபது வருடம் தாண்டினால் கூடும், டீச்சர் கவனத்துக்கு. தொடங்கும்போது ஒருமுறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் கண் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பாதித்தவர்கள் அதற்கு முன்பே. பார்வையில் தெரிவதற்கு முன்பே ஸ்கேனில் தெரிந்துவிடும், அதற்குத்தான் பரிசோதனை. பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

நிழல்தேடி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பிரெட்னிசோலோனை இரவில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் போனில் கேட்டேன், காலைக்கு மாற்றச் சொன்னார். சில நாளிலேயே தூக்கம் பரவாயில்லை. 2 மணிக்கு முழிப்பு வந்தாலும் போனை ஹாலில் வைத்துவிடுவதால் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஸ்காபரோ அக்கா, உங்கள் கேள்வி சுருக்கென்று தைத்தது. அவரிடம் நான் எதுவும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. ஒருவரை ஒருவர் பயமுறுத்தக் கூடாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இந்த இழையை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன். குடைக் கதையைப் படித்துச் சிரித்தார். அப்புறம் ரொம்ப நேரம் பேசினோம். பிபி பார்க்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். முதல் ஞாயிறே டிப்ஸ்டிக்கில் புரதம் "ட்ரேஸ்" (துளியளவு) என்று காட்டுகிறது. ஆய்வகத்தில் இல்லை என்றுதானே வந்தது? டீச்சர் சட்டப்படி அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கலாமா, இல்லை இது ஃபிரிட்ஜ் பட்டியலில் சேருமா?

வார்டு_சிஸ்டர் எழுதியது:

ட்ரேஸ் மட்டும் என்றால், வீக்கம் இல்லை, பிபி சரி என்றால் பதற வேண்டாம். தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீர் அடர்த்தியாக இருந்தாலும், மாதவிடாய் நாளை ஒட்டியிருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் அப்படிக் காட்டும். இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் புரதம்-கிரியாட்டினின் விகிதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அதுதான் சரியான கணக்கு. 0.5-ஐத் தொட்டால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். பட்டையில் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று ஏறினாலும் அப்படித்தான்.

நிழல்தேடி எழுதியது:

பார்த்துவிட்டேன் சிஸ்டர், 0.1. நோட்டில் எழுதியாயிற்று.

பதினொன்று_அம்மா எழுதியது:

இந்தப் பட்டையைக் கடையில் என்ன சொல்லிக் கேட்பது? நான் கேட்டதற்கு சுகர் பட்டையைக் கொடுத்துவிட்டார்கள்.

கும்பகோணம்_டீச்சர் எழுதியது:

யூரிஸ்டிக்ஸ் என்று கேளுங்கள், பெரிய மெடிக்கல்களில் கிடைக்கும். புரதம், சர்க்கரை இரண்டும் காட்டும், ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டியதுதான். டப்பாவை இறுக மூடி வையுங்கள், பாத்ரூமில் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் நிறம் தப்பாகக் காட்டும். காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள்.